வேண்டாததுக்குப் பேரீச்சம்பழம்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னாலே, மரம் கேட்டால் பறவை பதில் சொல்லும் காலத்திலே, தென்னாட்டில் அடைகரை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த நாட்டுக்கு ஒரு ராஜாவும் இருந்தார். அவருக்கு இந்தக் கதையில் வேலையில்லை. அவர் பாட்டுக்கு அரண்மனையில் நன்றாக இருக்கட்டும்.

அடைகரையில் பெரிய குளம். குளத்துக்கு நீளமான கரை. தண்ணீருக்குள்ளே இடுப்பு நனைய நிற்கிற கருவேல மரங்கள். மார்கழி பிறந்துவிட்டால் அந்த மரங்களில் இலை தெரியாது, பறவைதான் தெரியும். நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் என்று எங்கெங்கோ இருந்து வந்து கூடு கட்டும். "பறவை தங்கினா மழை தங்கும், பறவை போனா மழை போகும்" என்பது அந்த ஊர்ப் பேச்சு. அதனால் கூடு கட்டும் காலம் முழுக்க ஊரே வாயைக் கட்டிக்கொள்ளும்.

மேளம் இல்லை. உலக்கை இல்லை. கூப்பாடு இல்லை.

கல்யாணம் நடந்தால் நாதஸ்வரக்காரர் சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். பெண்கள் கொலுசைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார்கள். சண்டை வந்தால்கூட, "இரு இரு, குஞ்சு பறக்கட்டும், உன்னைப் பேசிக்கிறேன்" என்று காதோடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வைகாசியில் பறவைகள் போன மறுநாள் பார்க்க வேண்டுமே! சேர்த்து வைத்த சண்டையெல்லாம் ஒரே நாளில் நடக்கும். குரைக்கிற நாய்களை அக்கரை ஊர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் மிஞ்சியது ஒரே ஒரு நாய். மொச்சைக்கொட்டை மாதிரி உடம்பெல்லாம் புள்ளி, அதனால் பேரும் மொச்சை. பிறவிச் செவிடு. எதுவும் காதில் விழாததால் எதற்கும் அது குரைப்பதில்லை.

இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள் வடிவு. அவள் பிறந்ததோ சந்தை கூடுகிற ஊர். அங்கே ஆளுக்கு ஆள் கத்தினால்தான் கத்தரிக்காயே விற்கும். அவள் புருஷன் சுடலைமுத்து பொதிமாடு ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அவள் நிறைமாதமாக இருந்தபோது ராஜாவின் உப்புப் பொதியை ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்பட்டான். போகும்போதும் "வந்துர்றேன்" என்ற ஒரே சொல்தான் சொன்னான்.

மார்கழியில், ஊர் வாயைக் கட்டியிருந்த நேரத்தில், பெண் பிள்ளை பிறந்தது. அரும்பு என்று பேர் வைத்தார்கள். பேர்தான் அரும்பு. அழ ஆரம்பித்தால் குரல் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு போகும். காலையில் அழுதது, மத்தியானம் அழுதது, விளக்கு வைத்த பிறகும் அழுதது.

"ஏட்டி, பிள்ளையை அமர்த்து" என்றாள் மாமியார் சண்முகத்தாய், வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு.

"பால் கொடுத்தேன் அத்தை."

"இன்னொரு தடவை கொடு."

"கொடுத்தேன்."

"அப்ப துணியைச் சுருட்டி வாயிலே வை. உன் புருஷனை நான் அப்படித்தான் வளர்த்தேன்."

அதனால்தான் அவர் பேசுவதில்லையோ என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "உன் பிள்ளை கத்தினதிலே ரெண்டு நாரை எழும்பிப் போச்சாம்." மறுநாள் எதிர்வீட்டுக்காரி வந்தாள். "ரெண்டு மரத்து நாரை எழும்பிப் போச்சாமே." அதற்கு மறுநாள் தெருக்கோடியிலிருந்து ஒருத்தி வந்தாள். "குளமே பாதி காலியாம். மழை போச்சுன்னா ஊர் உன் வாசல்லேதான் வந்து நிக்கும், பார்த்துக்கோ."

வடிவு பயந்தாள். பேசவும் பயந்தாள், தும்மவும் பயந்தாள், பிள்ளை வாயைத் திறக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒரு மத்தியானம் மாமியார் வயலுக்குப் போயிருந்தாள். அரும்பு அழுதது. தோளில் போட்டாள், அழுதது. தூளியில் போட்டாள், அழுதது. மடியில் போட்டாள், அழுதது. வடிவு உள்ளங்கையால் அந்தச் சின்ன வாயைப் பொத்தினாள். கண் மூடித் திறக்கிற நேரம்தான். சட்டென்று கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையைப் பார்த்தாள். யாருடைய கையோ போலிருந்தது. பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு எதிர்ச்சுவர் ஓரமாகப் போய், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் தெருவில் ஒரு குரல் கேட்டது. அந்த ஊருக்கு ஏற்ற மாதிரி, காற்று பேசுவதுபோலக் கேட்டது.

"வேண்டாதது இருக்கா, வேண்டாதது? வேண்டாததுக்குப் பேரீச்சம்பழம்!"

வாசலில் ஒருவன் நின்றான். பனைமரம் மாதிரி உயரம். முதுகில் வைக்கோல் போர் அளவு மூட்டை. ஆனால் அதைப் பஞ்சுப்பொதி போலத் தூக்கியிருந்தான். பழைய இரும்பு வாங்குகிறவன் என்றுதான் வடிவு நினைத்தாள்.

"பழைய சாமான் ஒண்ணும் இல்லைங்க."

"சாமான் எதுக்கு தாயி? மனசுக்கு வேண்டாதது எதுனாலும் சரி. மேலத்தெருவிலே ஒருத்தர் விக்கலைக் கொடுத்தார். கீழத்தெருவிலே ஒரு அம்மா தன் சிரிப்பையே கொடுத்தாங்க, பல் நீளமாம்."

தூளி அழுதது. தூக்கமே இல்லாத கண்கள் வடிவுக்கு எரிந்தன. "இதோ, இந்த அழுகையை யாராவது எடுத்துக்கிட்டுப் போனா போதும்" என்றாள். களைப்பில் சொன்ன சொல்தான்.

"வேண்டாமா தாயி? வாயாலே சொல்லணும்."

"வேண்டாம்."

அவன் மூட்டையின் வாயைப் பிரித்தான். அழுகை நூல் மாதிரி தூளியிலிருந்து உருவிக்கொண்டு வந்து, காற்றில் நெளிந்து, மூட்டைக்குள் போனது. அவன் ஒரு கை நிறையப் பேரீச்சம்பழத்தை அள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டான். பால் கொடுக்கிறவளின் பசி எப்படிப்பட்டதென்று கேட்டவர்களுக்குத் தெரியாது, பட்டவர்களுக்குத்தான் தெரியும். அத்தனையையும் தின்றாள். தித்திப்பு. வீடு அமைதியாக இருந்தது. அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வயலிலிருந்து வந்த சண்முகத்தாய் தரையில் கிடந்த கொட்டைகளைப் பார்த்தாள். "இது ஏது?"

"தெருவிலே ஒருத்தர் வந்தார் அத்தை."

சண்முகத்தாயின் முகம் சாம்பல் ஆகிவிட்டது. ஏதோ சொல்ல வந்தவள் சொல்லவில்லை. கொட்டைகளைக் கூட்டி அள்ளி வெளியே எறிந்தாள். தூளியை எட்டிப் பார்த்தாள். "நல்ல பிள்ளை. அழாத பிள்ளை" என்று மட்டும் சொன்னாள்.

ஊரும் அதையே சொன்னது. "அரும்பு மாதிரி ஒரு பிள்ளை உண்டா? எவ்வளவு பொறுமை!" வடிவுக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் கொல்லையில் துணி துவைத்துவிட்டு வந்தாள். தூளிக் கயிற்றில் எறும்புச்சாரை. பிள்ளையின் தொடை முழுக்கத் தடித்துச் சிவந்திருந்தது. அரும்பின் வாய் அகலத் திறந்திருந்தது, முகம் கோணியிருந்தது, நெஞ்சு விம்மி விம்மித் தணிந்தது. சத்தம் மட்டும் இல்லை. கன்னத்தில் ஒரு கண்ணீர்க் கோடு காய்ந்துபோய், அதன் மேலே இன்னொரு கோடு வழிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அழுததோ! யாருக்குத் தெரியும்?

அன்றைக்குப் பிறகு வடிவு பிள்ளையைக் கீழே இறக்கவில்லை. தூங்கும்போதுகூடப் பிள்ளையின் கால் விரலில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைத் தன் விரலில் கட்டிக்கொண்டாள். நூல் அசைந்தால் எழுந்துகொள்வாள். அசையாவிட்டாலும் எழுந்துகொள்வாள்.

அரும்பை முதுகில் கட்டிக்கொண்டு மூட்டைக்காரனைத் தேடிக் கரையில் நடந்தாள். கூட வர ஆளில்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் "அழாத பிள்ளையை வச்சுக்கிட்டு அழுகையைத் தேடுறியா? பைத்தியமா?" என்பார்கள். மொச்சைதான் கூட வந்தது. யாரும் கூப்பிடவில்லை, அதுவே வந்தது.

முன்னே மொச்சை, பின்னே வடிவு, முதுகிலே அரும்பு.

மடைக்கல்லின் மேலே மூட்டைக்காரன் உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, என் பிள்ளை அழுகையைத் திருப்பிக் கொடுங்க."

"வித்ததைத் திருப்பிக் கேட்டா எப்படி? நான் கொடுத்த பழத்தைக் கொண்டா பார்க்கலாம்."

"தின்னுட்டேனே!"

"அப்ப கணக்கு முடிஞ்சுது." அவன் சிரித்தான். பிறகு அவள் நின்ற நிலையைப் பார்த்தானோ, அவனுக்கே பொழுது போகவில்லையோ, கல்லின் மேல் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது என் மூட்டையிலே இல்லை தாயி. அழுகை ஈரம். மத்த சரக்கையெல்லாம் நனைச்சிடும். அதான் இந்தக் குளத்துப் பறவை ஒண்ணுக்குள்ளே வச்சுட்டேன். எந்தப் பறவைன்னு நீயே கண்டுபிடி. மூணு தடவை கேட்கலாம். 'என் பிள்ளை அழுகை உன்கிட்டே இருக்கா'ன்னு அதுக்குக் காதிலே விழுற மாதிரி கேட்கணும். அடுத்த வருஷத்துக் குஞ்சு பறக்கிற வரைக்கும் தவணை."

"மூணும் தப்பாயிட்டா?"

"அழுகை எனக்கே. அதுக்கப்புறம் உன் பிள்ளைக்கு அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை, அம்மாங்கிற சொல்லும் இல்லை. எல்லாத்துக்கும் ஒரே குரல்தானே தாயி?"

"கண்டுபிடிச்சுட்டா?"

"இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்லை. கண்டுபிடிச்சா என் மூட்டை முடிச்சு தானா அவிழ்ந்துக்கும்" என்றான். அடுத்த நொடி மடைக்கல் காலி.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் நடை. வடிவு கேட்டுக்கொண்டே நடந்தாள். முக்குளிப்பான் கெக்கலித்தது. மீன்கொத்தி கீச்சிட்டது. ஆட்காட்டி அவளைக் காட்டிக் கொடுத்துக்கொண்டே தலைக்கு மேலே பறந்தது. எந்தக் குரலிலும் அரும்பு இல்லை. வழியில் யாரும் பேசாததால் அவள் மொச்சையிடம் பேசினாள். அதற்குக் கேட்காது என்று தெரியும். தெரிந்துதான் பேசினாள். "என் கை அன்னிக்கு என்ன பண்ணிச்சு தெரியுமா மொச்சை?" என்பாள். மொச்சை திரும்பிப் பார்க்காமல் வாலை ஆட்டிக்கொண்டு போகும். அதுவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மொச்சை நின்றுவிடும். இரண்டாம் மடைக்கு எதிரே சாய்ந்த ஒரு கருவேல மரம். அதன் நுனிக் கொம்பில் மஞ்சள்மூக்கு நாரை ஒன்று தனியாக நிற்கும். கூடும் இல்லை, ஜோடியும் இல்லை. மொச்சை அதையே பார்த்துக்கொண்டு உட்காரும். "வா மொச்சை, அங்கே ஒரு சத்தமும் இல்லை" என்று வடிவு அதன் கழுத்தைத் தடவி இழுத்துக்கொண்டு போவாள்.

வைகாசி வந்தது. குஞ்சுகள் பறந்தன, பறவைகள் போயின, ஊர் வாயைத் திறந்தது. சேர்த்து வைத்த சண்டை நடந்தது, கொலுசு பானையிலிருந்து வெளியே வந்தது. எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் கத்தி விளையாடின. அரும்பு மட்டும் வாசற்படியில் அம்மா மடியில் இருந்து, சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

குளம் சுருங்கிச் சேறானது, சேறு வெடித்தது. முன்னே மொச்சை, பின்னே வடிவு, முதுகிலே அரும்பு. அத்தனை பறவையும் போன பிறகும் அந்த ஒற்றை நாரை போகவில்லை. சேற்றில் நின்றது. இளைத்திருந்தது. வடிவு குட்டையில் தவித்த ஒரு கெண்டையைப் பிடித்து அதன் காலடியில் போட்டாள். நாரை மீனைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. அலகைத் திறக்கவில்லை. "உடம்புக்கு முடியலை போல, பாவம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆடிக்காற்று அடித்தது. புளியந்தோப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது. நீண்டு, உடைந்து, பால் கேட்கிற பிள்ளை போல. வடிவு முள்ளென்றும் கல்லென்றும் பார்க்காமல் ஓடினாள். மயில்!

"மயிலே மயிலே, என் பிள்ளை அழுகை உன்கிட்டே இருக்கா?"

மயில் தோகையைச் சுருக்கிக்கொண்டது. "இல்லை அம்மா. இது என் சொந்தக் குரல். நல்லா இல்லைன்னு எனக்கும் தெரியும். அந்த மூட்டைக்காரன் என்கிட்டேயும் வந்தான். 'இவ்வளவு அழகுக்கு இந்தக் குரல் வேண்டாமே'ன்னு கேட்டான். எனக்கு வேண்டாம்னு சொல்ல மனசு வரலை."

எனக்கு வந்ததே என்று வடிவு நினைத்தாள். ஒரு தடவை போயிற்று.

ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. அல்லி இலைகள் விரிந்தன. முன்னே மொச்சை, பின்னே வடிவு, முதுகிலே அரும்பு. வீட்டில் சண்முகத்தாய் பேத்தியின் பக்கமே வருவதில்லை. தூரத்தில் நின்று பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், போய்விடுவாள். சுடலைமுத்து எங்கே இருக்கிறானோ. ஒரு காலை, அல்லி இலைக்கு நடுவிலிருந்து சன்னமாக "மீ… மீ…" என்று ஒரு முனகல் கேட்டது. குரல் இருந்த நாளில், பசி தணிந்து தூங்கப் போகும் முன் அரும்பு அப்படித்தான் முனகும். இலைமேல் நடக்கிற இலைக்கோழி அது!

கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பிள்ளையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கேட்டாள். "இலைக்கோழி இலைக்கோழி, என் பிள்ளை அழுகை உன்கிட்டே இருக்கா?"

"அட போம்மா" என்றது இலைக்கோழி. அதன் சிறகுக்கு அடியிலிருந்து குச்சி குச்சியாய் நிறையக் கால்கள் தொங்கின. "பெட்டை முட்டையைப் போட்டுட்டுப் போயிட்டா, நான் அப்பன், தனியா நாலு குஞ்சைக் கட்டிக்கிட்டு அழுறேன். எனக்கு இருக்கிற குரலே கூப்பிடப் பத்தலை. இன்னொருத்தர் குரலை எங்கே வைக்க?"

இரண்டாவதும் போயிற்று. மடைக்கல்லில் மூட்டைக்காரன் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான். "இன்னும் ஒண்ணு தாயி" என்றான்.

மறுபடி மார்கழி. பறவைகள் வந்தன, ஊர் வாயைக் கட்டியது. அரும்புக்கு ஒரு வயது ஆனது. எழுந்து நின்றது, விழுந்தது, முழங்கால் சிராய்த்தது, சத்தமில்லாமல் அழுதது. தையும் போயிற்று. மாசியில் கூடுகளில் குஞ்சுகள் கழுத்தை நீட்டின. சீக்கிரம் பறந்துவிடும். வடிவுக்கு எந்தக் குரலைக் கேட்டாலும் இதுதானோ என்றிருந்தது. கேட்டுக் கேட்டுக் காதே புண்ணாகிவிட்டது.

ஒரு காலை, சாய்ந்த கருவேல மரத்துக்கு எதிரே மொச்சை வழக்கம்போல் உட்கார்ந்தது. வடிவு கழுத்தைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. அலுத்துப்போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மரம் மரமாகக் குஞ்சுகள் தீனி கேட்டுக் கத்தின. என்ன கத்தல்! காதைப் பிளந்தது. வடிவு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

பொத்தியதும் உலகம் வேறாயிற்று. ஓ, மொச்சைக்கு இப்படித்தான் இருக்குமா?

சத்தம் போனதும் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. பெரிய நாரைகள் அலகைத் திறந்தன, மூடின, கட்டையைத் தட்டுவதுபோல ஒன்றோடொன்று தட்டின, குஞ்சின் வாய்க்குள் மீனைக் கக்கின. ஒரு வருஷம் முழுக்க நடந்திருக்கிறாளே, பெரிய நாரை ஒன்றாவது கூவி அவள் கேட்டதுண்டா? இல்லை. நாரைக்குக் குரலே கிடையாது. அலகைத் தட்டுவதோடு சரி. அதனால்தான் அவள் நாரை மரங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. குரலைத் தேடுகிறவள் ஊமை வீட்டுக் கதவை ஏன் தட்டப் போகிறாள்?

ஆனால் நுனிக் கொம்பிலே அந்த ஒற்றை நாரை. அது அலகைத் தட்டவில்லை. மீன் பிடிக்கவில்லை. எலும்பும் இறகுமாக, அலகை இறுக மூடிக்கொண்டு நின்றது. தொண்டை மட்டும் விம்மி விம்மித் தணிந்தது.

அந்த விம்மலை வடிவுக்குத் தெரியும். எறும்பு கடித்த அன்று பார்த்த விம்மல். வாய் திறந்த இடத்தில் சத்தம் இல்லை. சத்தம் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவில்லை.

"மொச்சை, நீ முதல் நாளே பார்த்துட்டியா?" என்றாள். மொச்சை நாரையைப் பார்த்து வாலாட்டியது.

மடைக்கல்லில் மூட்டைக்காரன் முளைத்தான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. பொத்திய காதுக்குள்ளும் அவன் குரல் கேட்டது. "யோசிச்சுக்கோ தாயி. கடைசித் தடவை. மரம் நடுக்குளத்திலே இருக்கு. குஞ்சுக் கத்தலை மீறி அதுக்குக் கேட்கணும்னா ஊரே கேட்கக் கத்தணும். கூடு கட்டுற காலத்திலே கத்தினவளை உன் ஊர் என்ன செய்யும்?"

வடிவு ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஊரை நினைத்தாள், வாசலில் வந்து நிற்பார்கள். மாமியாரை நினைத்தாள். பறவைகள் எழுந்து போனால்? மழை போனால்? காதிலிருந்து கையை எடுத்தாள். குஞ்சுகளின் கத்தல் மறுபடி வந்து மோதியது. ஆயிரம் பிள்ளைகள் பால் கேட்டு அழுவதுபோல. அவற்றை யாரும் அடக்கவில்லை. ஒரு தாய்ப் பறவையும் ஒரு குஞ்சின் வாயில் துணியை வைக்கவில்லை.

பிள்ளையை முதுகிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்தாள். கரையின் விளிம்பில் போய் நின்றாள். சந்தை ஊர்க்காரி அல்லவா? ஒரு வருஷமாக மடித்து வைத்திருந்த குரலை உதறி விரித்தாள்.

"நாரையே! நாரையே! என் பிள்ளை அழுகை உன்கிட்டே இருக்கா? வேண்டாம்னு சொன்னவ நான்தான்! எனக்கு அது வேணும்! காலையிலே அழுதாலும் வேணும், மத்தியானம் அழுதாலும் வேணும், விளக்கு வச்சு அழுதாலும் வேணும்! கொடுத்துடு!"

குளம் அப்படியே உறைந்தது. குஞ்சுகள்கூட வாயை மூடின.

நாரை அலகைத் திறந்தது.

அழுகை வந்தது. ஒரு வருஷத்து அழுகை. எறும்புக்கு அழுதது, முழங்காலுக்கு அழுதது, பசிக்கு அழுதது, அம்மா எங்கே என்று அழுதது, எல்லாம் சேர்ந்து குளத்தின் மேலே ஓடி வந்து அரும்பின் வாய்க்குள் புகுந்தது. அரும்பு வீறிட்டது. அந்தச் சத்தத்தில் அத்தனை மரத்துப் பறவையும் ஒன்றாய் எழும்பியது. வானம் இருண்டது.

ஊரே ஓடி வந்தது. "போச்சு! பறவை போச்சு! மழை போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு, கிசுகிசுப்பதை மறந்து எல்லாரும் கத்தினார்கள். வடிவு பிள்ளையை இறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றின. இரண்டாம் சுற்றுச் சுற்றின. மூன்றாம் சுற்றில் ஒவ்வொன்றாய்க் கால் நீட்டி, அதே மரத்தில் அதே கூட்டில் இறங்கின. குஞ்சுகள் விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கின.

குஞ்சு அழுகிற கூட்டை விட்டு எந்தத் தாய் போவாள்?

ஊர் தலையிலிருந்து கையை இறக்கியது. அந்த நேரம் பார்த்து மடைக்கல்லில் 'டப்' என்று ஒரு சத்தம். மூட்டை முடிச்சு அவிழ்ந்துவிட்டது! மூட்டைக்காரன் ஓடி ஓடிப் பிடித்தான். கையில் ஒன்றும் சிக்கவில்லை. மேலத்தெருக்காரருக்கு விக்கல் வந்தது. கீழத்தெரு அம்மா பல் தெரியச் சிரித்துவிட்டுத் தானே திகைத்துப்போனாள். யாருடையதோ கோபம், யாருடையதோ வெட்கம், யாருடையதோ கனவு, எல்லாம் தும்பிக் கூட்டம் போலப் பறந்து சொந்தக்காரரைத் தேடிப் போயின. மூட்டை காலியாகக் காலியாக மூட்டைக்காரன் கரைந்துகொண்டே வந்தான். கடைசியில் மடைக்கல்லில் ஒரு பேரீச்சங்கொட்டை மட்டும் கிடந்தது.

சண்முகத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் வடிவு நினைத்தாள். அவள் பேத்தியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு தாலாட்டு வந்தது. கரகரப்பாக, பாதி வரி மறந்துபோய், ஆனாலும் தாலாட்டு.

"நானும் ஒருநாள் அந்தப் பழத்தைத் தின்னவதான்டி" என்றாள். "பிள்ளைக்குப் பாடினா பறவை போயிடும்னு சொன்னாங்க. பாட்டை வித்துட்டேன். அன்னிக்கே உன்கிட்டே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"எனக்கும் பயம்தான் அத்தை" என்றாள் வடிவு.

அவள் ஒரு கெண்டையைப் பிடித்துச் சாய்ந்த மரத்துப் பக்கம் எறிந்தாள். ஒற்றை நாரை அதை அந்தரத்திலேயே கவ்வி விழுங்கியது. பிறகு அலகை ஒரு தட்டு தட்டியது, இரண்டு தட்டு தட்டியது, எங்கோ ஒரு கொம்பிலிருந்து இன்னொரு நாரை பதிலுக்குத் தட்டியது. அதற்குப் பிறகு அதை ஒற்றை நாரை என்று யாரும் சொல்லவில்லை.

வைகாசிக்கு முன்னாலேயே சுடலைமுத்து வந்துவிட்டான். ஊர் எல்லையில் மாட்டை நிறுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றானாம். கூடு கட்டும் காலத்தில் அடைகரையிலிருந்து ஒரு பிள்ளை அழுகிற சத்தம்! வீட்டுக்கு வந்து பொதியை இறக்கக்கூட மறந்து, "யாரு அழுறது?" என்றான். பிறகு "நம்ம பிள்ளையா?" என்றான். பிறகு "என்ன குரல்!" என்றான். அவன் ஒரே நாளில் இத்தனை பேசி யாரும் பார்த்ததில்லை.

அடைகரையில் இன்றைக்கும் கூடு கட்டும் காலத்தில் மேளம் இல்லை, உலக்கை இல்லை, கூப்பாடு இல்லை. பிள்ளை அழுகை மட்டும் உண்டு. யாராவது ஒருத்தி பயந்துபோய்ப் பிள்ளையை அடக்கினால், பக்கத்து வீட்டுக்காரி வந்து, "கொடு, கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன், நீ தூங்கு" என்பாள்.

அந்த ஊரில் அரும்பின் அழுகையைக் கேட்காதது மொச்சை ஒன்றுதான். அதற்குத்தான் காது இல்லையே. அரும்பு அழும்போது அது ஓடிவந்து, பிள்ளையின் வயிற்றின் மேல் மோவாயை வைத்துக்கொள்ளும். அழுகை அங்கே அதிரும் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு அதை முழுக்க வாங்கிக்கொள்ளும்.

கதை கூட்டுக்குப் போய்விட்டது. நீங்களும் தூங்கப் போங்கள். நடுவில் யாருக்காவது அழுகை வந்தால் அழலாம், தப்பில்லை. எழுந்து வருகிறோம்.